கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: ஏற்காட்டில் தோழி வீட்டில் ஒரு படம். எலும்பும் தோலுமான கிழவர், யாழ் வாசிக்கும் பெண்களைப் பார்க்காமல் இரண்டு கையாலும் தடுக்கிறார். யார் அவர்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பைபிளை லத்தீனில் தந்த புனித ஜெரோம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் ஓவியர் சுர்பரான், குவாதலூப்பே மடத்துக்காக வரைந்தது. சிரியா பாலைவனத்தில் தேளும் காட்டு விலங்கும் மட்டுமே துணையாக நோன்பிருந்தபோதும் ரோம் நகரத்துப் பெண்கள் நினைப்பில் வந்து ஆடினார்கள் என்று அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதாவது விசுவாமித்திரருக்கு மேனகை நேரில் வந்தாள், இவருக்கு எல்லாம் மண்டைக்குள்தான். அப்போது அவர் கிழவரும் இல்லை, அது ஓவியர் வழக்கம். அப்புறம் அந்தப் பெண்கள்! கழுத்துவரை மூடிய உடையில், ஏதோ சபா கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். இவர்களுக்கா இத்தனை பயம்?