அடிக்காத கணவரிடம் ஏன் இந்தப் பயம்?

கேள்வி: திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. கணவர் ஒருநாளும் என் மேல் கை வைத்ததில்லை, குடிப்பதும் இல்லை. ஆனால் என் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. ஆபீஸ் விட்டதும் வீடியோ காலில் பஸ்ஸுக்குள் காட்ட வேண்டும். அம்மாவிடம் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். கேட்டால், "உன் மேல் உள்ள அக்கறை" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை.

"குடிக்கிறாரா, அடிக்கிறாரா?" இந்த இரண்டோடு நம் வீடுகளில் விசாரணை முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் இல்லை என்றால் மாப்பிள்ளை தங்கம். கார்டு, வீடியோ கால், ஸ்பீக்கர் என்று தனித்தனியாகச் சொன்னால் கேட்பவர்களுக்கும் சின்ன விஷயமாகத்தான் படும். சேர்த்துப் பாருங்கள்: உங்கள் பணம், நடமாட்டம், பேச்சு மூன்றும் ஒருவர் கையில் இருக்கின்றன.

பல பெண்களுக்கு இது உறைப்பது, தாங்களே என்னவெல்லாம் செய்யத் தொடங்கியிருக்கிறோம் என்று கவனிக்கும்போதுதான். அக்காவின் மிஸ்டு காலை அவர் பார்ப்பதற்குள் அழிப்பார்கள். நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ஹேர் கிளிப்பைத் தோழி கொடுத்ததாகச் சொல்வார்கள். பஸ் கொஞ்சம் தாமதமானாலே வயிற்றைக் கலக்கும், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடும். அக்கறை காட்டுகிறவரிடம் இந்த ஒத்திகை தேவைப்படாது. முன்பு எப்போதாவது "முடியாது" என்று சொன்னபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாள்கணக்கில் பேசாமல் இருந்தாரா? குழந்தையையோ உங்கள் வேலையையோ வைத்து மிரட்டினாரா? பழையதை நினைத்துப் பார்த்தாலே போதும், இப்போது மறுத்துச் சோதிக்க வேண்டாம்.

சட்டமும் அடியை மட்டும் பார்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தில் மனரீதியான, பொருளாதாரரீதியான வன்முறையும் அடக்கம். மனைவியின் சம்பளத்தை எடுத்துக்கொள்வதும், குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க விடாமல் தடுப்பதும் அதன் புகார்ப் படிவத்திலேயே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. விவாகரத்து கேட்டால்தான் இந்தச் சட்டம் உதவும் என்றில்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை. "நீங்கள் செய்வது வன்முறை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள், லொகேஷன் ஷேரிங்கைத் திடீரென அணைக்காதீர்கள். பிடி நழுவுகிறது என்று தெரியும் நேரத்தில்தான் ஆபத்து கூடும், அதுவரை அடிக்காதவரும் அடிக்கக்கூடும். எங்களுக்கு எழுதிய மெயிலை அழித்துவிடுங்கள். ஆதார், சான்றிதழ்கள், பாஸ்புக் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆபீஸ் போனிலிருந்தோ தோழியின் போனிலிருந்தோ பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள், இரவானாலும் எடுப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், உங்கள் புகாரை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், அதற்கான எண் 15100.