தூளி முதல் நடைவண்டி வரை: வாசகர் கேள்வி – பதில்

கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே செய்து கொடுக்கக்கூடிய பொருட்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் அளித்திருக்கிறேன். பால்வாடியில் பல ஆண்டுகள் பணியாற்றியபோது கண்ணால் கண்டவையும் கையால் செய்து பார்த்தவையுமே பெரும்பாலும் இந்தப் பதில்களில் இருக்கின்றன.

கேள்வி: என் மகளுக்கு 4 மாதம் ஆகிறது. கணவர் பனியன் கம்பெனியில் வேலை செய்வதால் வெட்டுத்துணி வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. அதைக் கொண்டு அவளுக்கு விளையாட்டுப் பொருள் தைக்க ஆசை. நாமே செய்வது பாதுகாப்பாக இருக்குமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

தாராளமாகத் தைக்கலாம். பருத்திப் பனியன் துணியைப் போலக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் இதமான பொருளைக் கடையில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால் இந்த வயதில் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்கிறது என்பதால், தைக்கும் பொருள் பார்க்க எப்படி இருக்கும் என்பதைவிட, அது நாள் முழுவதும் சப்பப்பட்டால் என்ன ஆகும் என்பதையே முதலில் யோசிக்க வேண்டும்.

பந்திலிருந்து தொடங்குங்கள். 1837-இல் ஜெர்மனியில் பாலர் பள்ளியைத் தொடங்கிய பிரடெரிக் ஃபிரோபெல், குழந்தைகளுக்கென வகுத்த விளையாட்டுப் பொருட்களின் வரிசையில் முதலிடத்தை ஆறு நிறக் கம்பளிப் பந்துகளுக்கே கொடுத்தார். நீளம் 15 செ.மீ., நடுவில் அகலம் 5 செ.மீ., இரு முனையும் கூர்மை என்ற அளவில், பூசணிக் கீற்றைப் போல ஆறு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். தையலுக்காகச் சுற்றிலும் 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் 30 செ.மீ. சுற்றளவுள்ள பந்து கிடைக்கும். அவ்வளவு பெரிய பந்தை அவளுடைய கை பற்றாது என்பதால், இரண்டாக மடித்துத் தைத்த துணிக்காதுகள் நான்கை இணைப்புகளுக்குள் வைத்துத் தைத்துவிட்டால் அவற்றைப் பிடித்து இழுத்துக்கொள்வாள்.

உள்ளே அடைப்பதற்கும் அதே வெட்டுத்துணியைத் துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். அரிசி, பயறு, புளியங்கொட்டை, தெர்மோகோல் எதுவும் வேண்டாம். தையல் ஓரிடத்தில் விட்டுப்போனாலே அவை குழந்தையின் வாய்க்குப் போய்விடும். பொத்தான், மணி, சலங்கை ஆகியவற்றையும் தவிர்த்து, கண்ணும் மூக்கும் வேண்டுமென்றால் நூலால் தைத்துக்கொள்ளுங்கள். எல்லா இணைப்புகளையும் இரண்டு முறை தைத்துவிட்டு, முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

கடையில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்யும் பொருளைச் சோதிக்க எவரும் வரப்போவதில்லை; எனவே அந்தச் சோதனையை நாமே செய்தாக வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையைச் சுற்றளவு சரியாக 10 செ.மீ. வரும்படி உருட்டி ஒட்டி, 6 செ.மீ. உயரமுள்ள குழாயாகச் செய்யுங்கள். அதன் விட்டம் 3.2 செ.மீ. அளவில் இருக்கும், பொம்மைகளில் தொண்டையில் சிக்கும் சிறு பாகங்கள் உள்ளனவா என்று பரிசோதிக்கும் கூடங்களில் பயன்படுத்தும் உருளையின் விட்டமும் ஏறத்தாழ இதுவே. எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் சரி, இந்தக் குழாய்க்குள் முழுதாக நுழைந்துவிடும் எந்தப் பொருளும் 3 வயது நிரம்பாத குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியை அதில் போட்டுப் பாருங்கள். அது உள்ளே விழுவதைப் பார்த்த பிறகு வீட்டில் ஒரு மூடியையும் தரையில் விட்டுவைக்க உங்களுக்கு மனம் வராது. பந்து மட்டும் உருண்டை வடிவம் காரணமாக இன்னும் ஆபத்தானது என்பதால், 4.5 செ.மீ. விட்டத்துக்குக் குறைவான பந்து எதுவும் வேண்டாம்.

உங்கள் மகள் உட்காரத் தொடங்கியதும் தைப்பதற்குப் பதிலாக ஒரு கூடையை நிரப்புங்கள். தவழும் முன் உட்கார மட்டும் தெரிந்த குழந்தைக்கு அன்றாடப் பொருட்கள் நிறைந்த கூடையே சிறந்த விளையாட்டு என்று பிரிட்டனைச் சேர்ந்த குழந்தைக் கல்வியாளர் எலினார் கோல்ட்ஷ்மீட் கண்டு சொன்னார். நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை, மரக்கரண்டி, எவர்சில்வர் டம்ளர், இட்லித் துணி, ஓரம் மடித்துப் பின்னிய சிறு பனையோலைப் பெட்டி ஆகியவற்றை அதில் போட்டு வைத்து, அருகிலேயே பேசாமல் உட்கார்ந்திருங்கள். அவளே எடுத்து, சப்பி, தட்டி, கீழே போட்டு மீண்டும் எடுப்பாள்.

கேள்வி: என் மகன்களை வளர்த்ததுபோலப் பேத்திக்கும் பழைய நூல்புடவையில் தூளி கட்டினேன். குழந்தையைச் சமமான இடத்தில்தான் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக மருமகள் கழற்றச் சொல்கிறாள். எனக்கு மனம் வருத்தமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு பாட்டி, மதுரை

அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. தாலாட்டோடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வந்த பொருள் தூளி. இருந்தாலும் குழந்தை தூங்கும் இடத்தைப் பொறுத்தவரை உங்கள் மருமகள் சொல்வதே சரி. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. தூளியில் உடல் வளைந்து கிடக்கும்போது தாடை மார்பில் சாய்ந்து மூச்சுப் பாதை குறுகலாம். துணி முகத்தை மூடிக்கொண்டாலும் அதை விலக்க அந்தக் கைகளுக்கு வலு கிடையாது. ஆகவேதான் முதல் ஓராண்டுக்குச் சமமான, கெட்டியான படுக்கையில், தலையணையும் மெத்தென்ற போர்வையும் இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தலை உருண்டையாக வருவதற்கென்று தைக்கும் கடுகுத் தலையணைக்கும் இது பொருந்தும்.

அதற்காக உங்கள் தூளிக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அழும் பேத்தியைச் சமாதானப்படுத்த, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் ஆட்டிவிட்டு, கண் அயர்ந்ததும் பாயில் கிடத்திவிடலாம். அதற்கும் சில ஏற்பாடுகள் தேவை. புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை விட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் புடவை வேண்டாம். கொக்கியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்த பிறகே குழந்தையைப் போடுங்கள். தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்குமேல் உயராமல் இருக்கட்டும். துணி குழந்தையின் மேல் மூடிக்கொள்ளாதபடி குறுக்கே தூளிக்கட்டை கொடுங்கள். பேத்தி குப்புற விழத் தொடங்கும் நாளில் தூளியை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். குழந்தையை இறக்கியவுடன் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். வெறும் தூளியில் மூத்த பிள்ளைகள் ஏறி முறுக்கி ஆடும்போது புடவை கழுத்தைச் சுற்றி இறுக்கி உயிர் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

உங்கள் கைவேலை பேத்தியின் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது ஆசையானால், அவளுக்கு ஒரு விரிப்புத் தையுங்கள். 5.5 மீட்டர் புடவையை நான்காக மடித்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளம் வரும். இரண்டு புடவைகளை இப்படி மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எட்டு அடுக்கு. சுருக்கமில்லாமல் தரையில் பரப்பி, மூன்று விரல் இடைவெளியில் நேர்கோடுகளாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போங்கள். வங்காளத்துக் காந்தா வேலையும் பழைய சேலைகளை அடுக்கி இப்படி ஓட்டுத்தையலால் இணைப்பதிலிருந்து வளர்ந்த கலைதான். ஜரிகை உறுத்தும் என்பதால் அந்தக் கரையை வெட்டிவிடுங்கள். இந்த ஓராண்டுக்கு அது குழந்தைக்கு அடியில் விரிப்பதற்கு மட்டுமே, போர்த்துவதற்கு அல்ல.

கேள்வி: இரண்டரை வயது மகன் கடையில் வாங்கிய களிமண்ணைத் தின்றுவிடுகிறான். வீட்டில் செய்யும் மைதாக் களிமண் நல்லதா?
– ஒரு தந்தை, சென்னை

வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று தின்னத் தக்கதாகிவிடாது. வழக்கமான மைதாக் களிமண்ணுக்கு 1 கப் மைதா, அரை கப் தூள் உப்பு, 1 கப் தண்ணீர், எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தலா 1 மேசைக்கரண்டி தேவை. எல்லாவற்றையும் கரைத்து, சிறு தீயில் உருண்டு திரளும் வரை கிளறி, ஆறியதும் பிசைந்து மூடி வைத்தால் சில வாரங்கள் கெடாது. ஆனால் அதில் கால் பங்குக்கு மேல் உப்புதான். பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டையில் ஏறத்தாழ 4 கிராம் உப்பு இருக்கும். பெரியவர்களே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றால், அந்த உருண்டை உங்கள் மகனுக்கு எவ்வளவு மிகை என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எதையும் வாயில் போடும் பழக்கம் விட்ட பிறகே இந்தக் களிமண்ணைக் கொடுங்கள்.

அதுவரை கொழுக்கட்டை மாவு இருக்கிறது. வறுத்த அரிசி மாவில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கிளறி, சில துளி எண்ணெய் விட்டுப் பிசைந்தால் உருட்டவும் தட்டவும் கிள்ளவும் இணங்கும் மாவு கிடைக்கும். ஒரு பங்கில் மஞ்சள்தூள், ஒரு பங்கில் பீட்ரூட் சாறு, ஒரு பங்கில் கீரைச் சாறு சேர்த்தால் மூன்று நிறங்கள். வாயில் போட்டாலும் கவலையில்லை; அன்றைக்கு அன்றே செய்து, மாலையில் எறிந்துவிட வேண்டும் என்பது ஒன்றே குறை. நீங்கள் சமையலறையில் கொழுக்கட்டை பிடிக்கும் நாளில் அவனுக்கும் ஒரு கவளம் கொடுத்து உங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்தால், தனியாகச் செய்ய வேண்டிய வேலையும் இல்லை.

கேள்வி: நான் தச்சுத் தொழிலாளி. 10 மாதப் பேரனுக்கு நடைவண்டி செய்யப் போகிறேன். இக்காலத்து ஆட்கள் “வாக்கர்” கூடாது என்கிறார்களே, நடைவண்டியும் கூடாதா? என்ன பெயின்ட் அடிக்கலாம்?
– ஒரு தாத்தா, தூத்துக்குடி

இரண்டும் வேறு வேறு. வாக்கரில் குழந்தை இருக்கையில் தொங்கியபடி காலால் உந்துகிறது. நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது. அதனால் நேர்ந்த விபத்துகளைக் கண்டே கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நடைவண்டியில் குழந்தை தானே எழுந்து, தன் எடையைத் தன் காலில் தாங்கி, தள்ளிக்கொண்டு போகிறது. பேரன் எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு, யாராவது கூடவே இருக்கும்போது கொடுங்கள். அதற்கு முன் பிடித்து நிறுத்திப் பழக்க வேண்டாம்.

தொழில் தெரிந்த உங்களுக்கு மூட்டு வேலையை நான் சொல்லத் தேவையில்லை. கைப்பிடி குழந்தையின் மார்பளவில் இருக்கட்டும். அவன் பின்னோக்கி இழுக்கும்போது வண்டி மேலே சாயாதபடி அடிச்சட்டத்துக்குக் கனமான பலகையைப் போடுங்கள். சக்கரம் வழுக்கி ஓடினால் குழந்தை முகம் குப்புற விழும். ஆகவே அச்சில் சற்று இறுக்கமாகவே இருக்கட்டும். ஆணித்தலை எதுவும் வெளியே தெரியக் கூடாது. உப்புத்தாளைக் கரடிலிருந்து நைஸ் வரை மூன்று தரங்களில் தேய்த்துவிட்டு, பழைய வேட்டித் துணியால் எல்லாப் பக்கமும் துடைத்துப் பாருங்கள்; துணி மாட்டிக்கொள்ளும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது என்று பொருள்.

பெயின்ட் வேண்டாம் என்பதே என் கருத்து. குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் 90 பி.பி.எம். (அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிப் பரணில் போட்டுவைத்த டப்பாக்களைத் தொடவே தொடாதீர்கள். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அந்தக் கேட்டைப் பின்னால் சரிசெய்ய முடியாது. தேங்காய் எண்ணெயில் சிறிது தேன்மெழுகை உருக்கித் தேய்த்தால் மரத்தின் ரேகையே அழகாக எடுத்துக் கொடுக்கும். நிறம் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளைப் போலக் கடைசலில் அரக்கு ஏற்றிய சக்கரங்களைச் செய்து வாங்கிப் பொருத்தலாம்.

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. 5 வயது மூத்தவன் ஏங்கிப்போய் இருக்கிறான். தம்பிக்காக அவனே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

உண்டு; அதற்கு ஒரு மார்க்கர் பேனாவும் நாலைந்து வெள்ளை அட்டைகளும் போதும். ஒரு மாதக் குழந்தைக்கு மெல்லிய நிறங்கள் பிடிபடுவதில்லை. கறுப்பும் வெள்ளையும் போல அழுத்தமாக வேறுபடும் வடிவங்களையே அது உற்றுப் பார்க்கும். அதுவும் 20 முதல் 30 செ.மீ. தொலைவுக்குள். நீங்கள் வாசலில் போடும் கோலங்களில் மிக எளியவற்றை, நாலு புள்ளி வைத்த ஒரு சிக்குக் கோலத்தை, ஒரு நட்சத்திரத்தை, ஒரு தாமரையை, அட்டைக்கு ஒன்றாக, விரல் தடிமனான கறுப்புக் கோடுகளில் மூத்தவனை வரையச் சொல்லுங்கள். கோடு கோணினால் திருத்தாதீர்கள். வரைந்ததைத் தம்பிக்குக் காட்டும் பொறுப்பையும் அவனிடமே விட்டுவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்று கேட்பான். உங்கள் கையால் ஒரு சாண், அதற்குமேல் நாலு விரல் என்று தம்பியின் முகத்துக்கு எதிரே ஒரு முறை அளந்து காட்டுங்கள்.