ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து

கேள்வி: அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நீரிழிவு ஆய்வுக்கு ரத்தம் கேட்கிறார்கள், படிவமோ ஆங்கிலத்தில். கையெழுத்துப் போடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். சிங்கப்பூரின் 2015 மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி, விவரங்களை விளக்கிய பிறகே எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வேண்டும். தமிழில் விளக்க ஆள் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால், பிள்ளை சொல்கிறதே என்று அம்மா தலையாட்டிவிடுவார். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். எத்தனை மில்லிலிட்டர், எத்தனை முறை, மிச்ச ரத்தத்தைச் சேமிப்பார்களா, அதில் பெயர் இருக்குமா என்று துருவிக் கேளுங்கள். நெறிமுறைக் குழு அந்த ஆய்வுக்கு அனுமதி தந்திருக்கிறதா என்பதையும்தான்.

பிறகு மனம் மாறினால் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதுவரை திரட்டிய தகவல் அவர்களிடமே இருக்கும். அடையாளம் நீக்கிய ரத்த மாதிரியையும் திரும்பப் பெற முடியாது.