கேமரா கேள்வி-பதில்: அவேடான் பாணியில் ஐந்து முகங்கள்

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவேடான் பாணியில் ஐந்து போர்ட்ரெய்ட் எடுக்க வேண்டும். வெள்ளைத் துணி கட்டி எடுத்தால் துணி சாம்பலாகவும் முகம் இருட்டாகவும் வருகிறது. ஸ்டுடியோ லைட் இல்லாமல் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் அவேடான் எடுத்த படங்களில் ஸ்டுடியோ லைட்டே கிடையாது. வெள்ளைத் தாளை நிழலில் தொங்கவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே எடுத்தார்.

நீங்களும் நிழலுக்குப் போங்கள். துணி சுருங்கும், மடிப்பு விழும்; அகலமான தாள்தான் நல்லது. வெள்ளை நிறைய இருந்தால், வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கூடவே முகமும் இருண்டுவிடும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் முகத்தை அளந்து, அந்த அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். அவர் 8×10 அங்குல ஃபிலிமில் எடுத்ததால் தோலின் ஒவ்வொரு கோடும் தெரியும். அதனால் பின்னணி மங்கட்டும் என்று லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8-க்கு அகலத் திறந்து எடுக்காதீர்கள். எஃப் 8 வையுங்கள்.

இதெல்லாம் ஒரு மதியத்தில் கைவந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவேடான் கேமராவுக்குப் பின்னால் நிற்கவில்லை, லென்ஸுக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே இருப்பவருக்கு ஒரு மனித முகம் தெரிந்தது. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் அப்படி நின்று பாருங்கள். 'சிரிங்க' என்று சொல்லவே வேண்டாம். முதலில் எல்லோரும் போட்டோவுக்கென்று ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள். அது தளரும்வரை பொறுமையாக இருங்கள்.

அப்புறம், அவேடான் படங்களைச் சுற்றி வரும் அந்தக் கறுப்பு ஓரம். முழு நெகட்டிவையும் வெட்டாமல் பிரிண்ட் போட்டதால் வந்தது அது. ஃபோட்டோஷாப்பில் பிறகு வரைந்து ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். எடுக்கும்போதே ஃபிரேமை முடிவு செய்யுங்கள்.

யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே! கையில் கிடைத்த ஐந்து வகுப்புத் தோழர்கள் என்றால் வருத்தப்படுவேன். உடம்பில் தேனீக்கள் அப்பிய மனிதர் ஒருவரை எடுக்க, தேனீ வளர்ப்போர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தே ஆள் தேடினார் அவேடான். 1981-இல் எடுத்த படம் அது. முகத்தில் உழைப்போ வயதோ எழுதியிருக்கும் ஐந்து பேரைத் தேடுங்கள். படம் எங்கே வைக்கப்படும் என்று அவர்களிடம் முன்பே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.