மரம் அகற்றவும் விறகு அறுக்கவும் எந்தச் சங்கிலி ரம்பம் ஏற்றது?

நிலத்தில் உள்ள மரங்களை அகற்றி விறகாக்க எவ்வளவு பெரிய ரம்பம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினின் திறனைவிட, நீங்கள் பெரும்பாலும் அறுக்கப்போகும் மரத்தின் விட்டத்தையே முதலில் பார்க்க வேண்டும். செயின் சுற்றி ஓடும் உலோகப் பட்டை அதைவிட 2 அங்குலமாவது நீளமாக இருந்தால் வேலை எளிது. 12 அங்குல விட்டம் வரையுள்ள மரங்களுக்கு 16 அங்குலப் பட்டையும் 40 முதல் 50 சிசி வரையிலான பெட்ரோல் எஞ்சினும் தாராளம். கிளை கழிக்க மட்டும் என்றால் பேட்டரி ரம்பமே போதும். நீளமான பட்டையாக வாங்கிவைத்தால் எதற்கும் உதவும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை: எடை கூடும், கை சோரும், நுனி எங்கே இருக்கிறது என்பதும் கவனத்தில் நிற்காது. அந்த நுனியின் மேற்பாதி மரத்தில் உரசினால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரை நோக்கி எகிறும் என்பதால், அப்போது செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் இல்லாத ரம்பத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது.

தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பான், வெட்டுத் தடுக்கும் கால்சட்டை, மரத்தின் வெட்டுவாய் மூடி ரம்பத்தின் பட்டையைக் கவ்விக்கொள்ளாமலிருக்க பிளாஸ்டிக் ஆப்புகள் (இரும்பு ஆப்பில் பட்டால் செயினின் பற்கள் போய்விடும்), பல்லின் அளவுக்கேற்ற உருண்டை அரம் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். அறுக்கும்போது சீவல் சீவலாக விழாமல் மாவுபோலத் தூள் பறந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அந்நிலையில் ரம்பத்தை அழுத்தி அறுக்காமல், நிறுத்திவிட்டு அரம் போடுங்கள்.