புற்றுநோய்க்கு இனி வரும் மருத்துவம்: மதுரை வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

மேலூர் வாசகர்: ஐயா, என் தாயாருக்கு இரைப்பைப் புற்றுநோய். மும்பையில் உருவான செல் சிகிச்சை அவருக்கு உதவுமா?

இப்போதைக்கு உதவாது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற அந்த கார்-டி சிகிச்சை, சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் உரியது. நோயாளியின் ரத்தத்திலிருந்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களைப் பிரித்தெடுத்து, சிடி19 என்னும் புரதத்தை இனங்காணும் திறனை மரபணு வழியே அவற்றுக்கு ஊட்டி, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுகிறார்கள். அந்தப் புரதம், இவ்வகைப் புற்றுநோய்கள் தோன்றும் பி செல்கள் என்னும் வெள்ளணுக்களில்தான் இருக்கிறது. நல்ல பி செல்களும் சேர்ந்து அழிந்தாலும் நோயாளியைக் காப்பாற்றிவிடலாம். இரைப்பைக் கட்டியில் அத்தகைய தனி அடையாளம் கிடைப்பது அரிது. கிளாடின் 18.2 என்னும் புரதத்தைக் குறிவைத்துச் சீனாவில் நடந்த கார்-டி ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. நோய் முற்றுவது சில வாரங்களே தள்ளிப்போனது என்றாலும், கட்டிகளுக்கும் இந்த வழி எட்டும் என்று காட்டியதால் அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

தங்கள் தாயாருக்கு இன்றே பயன்படக்கூடியது வேறொன்று. பயாப்ஸியில் எடுத்த சதை, மெழுகு பிளாக்காக ஆய்வகத்தில் இருக்கும். அதில் ஹெர்2 (செல்லின் மேலுள்ள ஒரு புரதம்), எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் திறன் கெட்டிருப்பதன் அடையாளம்) சோதனைகள் செய்யப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; எந்த மருந்து பொருந்தும் என்பதை அவையே பல வேளைகளில் தீர்மானிக்கின்றன. வேறு ஊருக்குப் போவதானால் அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

திருமங்கலம் வாசகர்: ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயையும் கண்டறியலாமா?

கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் சோதனை அது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதில் அதற்கு நல்ல எதிர்காலம் உண்டு. நோயில்லாதவர்கள் அதற்காகப் பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உசிலம்பட்டி வாசகி: என் மகளுக்குப் பதினொரு வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு தவணை போதுமா?

இந்த வயதினருக்கு ஒரு தவணையும் போதும் என உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அதற்கு முக்கியமான சான்று நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. இரண்டு தவணையா மூன்றா என்று ஒப்பிடத் தொடங்கிய ஆய்வு 2010இல் பாதியில் நின்றதால், ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அவர்களுக்கும் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் 16, 18 வகைகளிடமிருந்து உறுதியான பாதுகாப்பு இருந்தது. நம் வட்டாரத்தில் கார்-டி காப்பாற்றப் போகிறவர்களைவிட இந்த ஊசி காப்பாற்றப் போகிறவர்கள் மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை தவணை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்து, தாமதிக்காமல் போட்டுவிடுங்கள். தங்களுக்கு முப்பது வயது கடந்திருந்தால், கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு மதுரை வரை வர வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.