சட்டம் கேளுங்கள்: சின்னப் பொட்டலம், நீளும் வாய்தா

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான். 100 கிராம் கஞ்சா வைத்திருந்ததாக என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) கேஸ் போட்டிருக்கிறார்கள். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும், தினமும் கூலியை விட்டுட்டு வாய்தாவுக்கு அலைய வேண்டாம்" என்கிறார்கள். கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, புதுவயல்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவு, அதாவது 'சிறிய அளவு' என்றால், 1985-ஆம் ஆண்டின் இந்த என்.டி.பி.எஸ். சட்டத்தின் 20-வது பிரிவில் அதிகபட்சம் 1 ஆண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடலாம் என்பது பல நேரம் உண்மைதான். ஆனால் அன்று விழுவது 'தண்டனை பெற்றவர்' என்ற பதிவு. நாளைக்கு இதே அளவு தண்டனைக்குரிய இன்னொரு என்.டி.பி.எஸ். கேஸிலும் தண்டனை விழுந்தால், 31-வது பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். முதல் குற்றம் என்று, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடச் சொல்லலாமே என்றால், 33-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தச் சலுகை உண்டு. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்கான 27-வது பிரிவு வழக்கிலும் உண்டு. 20-வது பிரிவில், 19 வயதுக்காரருக்கு இல்லை.

உங்கள் மகனுக்கு உண்மையிலேயே அந்தப் பழக்கம் இருந்தால் வேறு வழி இருக்கிறது. பலரும் எட்டிப் பார்க்காத பிரிவு 64-ஏ. சிறிய அளவு வழக்கில், பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, ஒவ்வொரு முறையும் தேதியோடு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுகள்தான் ஆதாரம். குற்றம் நிரூபணமான பிறகுகூட, தண்டனைக்குப் பதிலாகப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்ப 39-வது பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. பழக்கமே இல்லாத பையனை 'அடிமை' என்று எழுதிக் கொடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அது இன்னொரு சிக்கல்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை.

கேள்வி: என் தம்பியிடம் பிடித்தது 1 கிலோ 150 கிராம் கஞ்சா என்று மகஜரில் (பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவில்) இருக்கிறது. சாக்குப் பையோடு எடை போட்டார்கள். இது பெரிய விஷயமா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: மிகப் பெரிய விஷயம். 1 கிலோவைத் தாண்டினால் தண்டனை 10 ஆண்டு வரை, அபராதம் 1 லட்சம் வரை. விசாரணையும் குற்றவியல் நடுவரிடமிருந்து சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விடும். சட்டத்தில் 'கஞ்சா' என்றால் பூ, காய் விட்ட நுனிப்பகுதிதான். நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் சேராது. ஆகவே மூன்று காகிதங்களின் நகலை வாங்கச் சொல்லுங்கள்: பறிமுதல் மகஜர், 52-ஏ பிரிவில் நடுவர் சான்றளித்த பறிமுதல் பொருள் பட்டியல், ஆய்வக அறிக்கை. சாக்கின் எடை கழித்திருக்கிறதா, உள்ளே இருந்தது என்ன என்பதை இந்த மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்த்து வக்கீல் வாதிட வேண்டும்.

கேள்வி: ஜாமீன் கிடைத்து 10 நாள் ஆகிறது. இரண்டு ஜாமீன்தாரர், வீட்டு வரி ரசீதோடு கேட்கிறார்கள். நாங்கள் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஏழைகள் உள்ளேயே கிடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜாமீன் ஆணை வந்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. 1 மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதுவரை காத்திருக்காமல் நீங்களே தளர்த்தச் சொல்லி மனு போடுங்கள். வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, குடும்ப வருமானச் சான்று இணையுங்கள். நடுவர் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளிலிருந்து 60 நாளை எண்ணியும் வையுங்கள். சிறிய அளவு வழக்கில் அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். அப்போதும் ஜாமீன்தாரர் வேண்டும் என்பதால் மனு வீண்போகாது.

ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகையைக் கட்ட மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் என்.டி.பி.எஸ். வழக்குகளுக்கு இடமில்லை. 50 கிராம்காரரையும் 50 கிலோகாரரையும் ஒரே தட்டில் வைத்த வேலை அது.

கேள்வி: என் லோடு ஆட்டோவில் டிரைவர் எதையோ வைத்திருக்கிறார். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது, தவணை ஓடுகிறது.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்.டி.பி.எஸ். வழக்கிலும் வண்டியை இடைக்காலமாக விடுவிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கியது. ஆர்.சி., இன்சூரன்ஸ், தவணை ரசீதுகளோடு மனு போடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, நீங்கள் கவனமாகவே இருந்தீர்கள் என்பதை 60-வது பிரிவின்படி நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பட்டறையில் இருக்கும் என் மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்திருக்கிறது. பழைய சின்ன கேஸ் ஒன்று நிலுவையில். பாஸ்போர்ட் கிடைக்குமா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே இருந்தால் அதைக் காட்டி மட்டும் மறுக்கக் கூடாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி ஆணை வேண்டும். அதில் எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடும்படி கேளுங்கள். குறிப்பிடாவிட்டால் 1 வருடப் பாஸ்போர்ட்தான் வரும். விண்ணப்பத்தில் கேஸை மறைக்க வேண்டாம். அபராதம் கட்டி முடித்துவிட்டு வரட்டுமா என்று அவர் கேட்டால், புதுவயல் வாசகிக்குச் சொன்ன பதிலைக் காட்டுங்கள். சிங்கப்பூர் வேலை அனுமதிப் படிவமும் 'எந்த நாட்டிலாவது தண்டிக்கப்பட்டதுண்டா' என்றுதான் கேட்கிறது.